தங்கத் தெருவில் கிரேக்கத் தூண்

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், நகைக்கடைத் தெருவின் முனையில், கிரேக்கக் கோயிலைப் போலத் தூண்களுடன் ஒரு பழைய வங்கிக் கட்டடம். நாளை முதல் அதுவும் நகைக்கடை. கட்டடக்கலை பற்றி நாலு புத்தகம் படித்த திமிரில் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடைக்காரர் திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம் தொங்கவிட, தூணில் மார்பளவு உயரத்தில் ஆணி அடிக்கிறார். கல் பொலபொலவென்று உதிர்கிறது. பதறிக் கத்துகிறேன்.

“ஐயோ, பாரம்பரியக் கட்டடங்க இது!”

“தெரியும் அண்ணை. சனம் நம்பித் தங்கத்தைக் குடுக்கத்தானே வங்கிக்காரர் கோயில் மாதிரித் தூண் வச்சவை? நானும் அந்தத் தூணுக்குத்தான் வாடகை கட்டுறன்” என்றவர், தெருவைப் பார்த்து வெளிறிப்போகிறார். “கடவுளே, கட்டடம் பாக்கிற அதிகாரி மனுசி வாறா! ஓட்டையைக் கண்டா நாளைக்குக் கடை திறக்க விடமாட்டா. சாய்ஞ்சு நில்லுங்கோ அண்ணை!”

ஆணியைப் பிடுங்குகிறார். என்ன செய்கிறேன் என்று எனக்கே புரியுமுன் என் முதுகு ஓட்டையை மறைத்துவிடுகிறது.

அந்த அம்மாள் என்னைக் கண்டு திடுக்கிட்டு, பிரெஞ்சில் பொரிந்து தள்ளுகிறார்.

“என்னவாம்?”

“சாயப்பிடாதாம் அண்ணை. உங்களை மாதிரி ஆக்களாலைதானாம் இந்தக் கல்லெல்லாம் பழுதாப் போகுது.”

தலையைக் குனிந்துகொள்கிறேன். முதுகை மட்டும் எடுக்கவில்லை.