பிலிப்புவின் பைக்குள் இருந்த ட்ரம்பெட்

பிலிப்புவை இராணுவம் பிடித்துக்கொண்டு போனது என்னால்தான். அவனுடைய பைக்குள் அந்த ட்ரம்பெட்டை ஒளித்து வைத்தவன் நான்.

இதை எந்தக் குருவானவரிடமும் நான் சொன்னதில்லை. என் மனைவிக்கும் தெரியாது. நீங்கள் என்னை அறியாதவர்... அந்தத் துணிவில்தான் உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் ஊர் மன்னார்க் கரையோரம். கோயில் திருநாளுக்காகத் தொடங்கியதுதான் எங்கள் பாண்ட். கடலால் வந்த கையோடு, மீன் வாடை போகாத விரல்களால் வாத்தியம் பழகினோம். பிறகு இயக்கம் கேட்டது. போராளிகளின் இறுதி ஊர்வலங்களில் வாசிக்க வேண்டும் என்றார்கள். கட்டாயமில்லை, சம்பளமும் இல்லை. நாங்களாகவே விரும்பிச் சேர்ந்தோம். பச்சைச் சீருடையும், இயக்கத்தின் சின்னம் பொறித்த புதுவாத்தியங்களும் வந்தன. எவ்வளவு பெருமை எங்களுக்கு! நான் ட்ரம்பெட் ஊதினேன். பிலிப்பு பெரிய ட்ரம் அடித்தான்.

முதலில் எப்போதாவது ஒரு சவப்பெட்டி வந்தது. பிறகு அடிக்கடி... பிறகு ஓயாமல். எங்களூர்ப் பிள்ளைகளின் பெட்டிகளுக்கு முன்னால் நாங்களே வாசித்துக்கொண்டு நடந்தோம். ஒருநாள் பிலிப்பு ட்ரம்மை இறக்கி வைத்தான். "இனி என்னால ஏலாது மச்சான்" என்றான். அன்றோடு விலகிவிட்டான்.

நான் விலகவில்லை. போர் எங்களைத் துரத்தியபோது எல்லோரும் சீருடைகளை மண்ணில் புதைத்தார்கள். நானோ ட்ரம்பெட்டைத் துணியில் சுற்றி என்னோடு கொண்டுபோனேன். அதைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. அன்பா அது? ஆணவமா?

கடைசியில் இராணுவத்தின் பக்கம் நடந்தோம். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. கர்ப்பிணியான பிலிப்புவின் மனைவி ரீற்றா முன்னே போய்விட்டாள். சிப்பாய்கள் பைகளைக் கொட்டிச் சோதிப்பதைக் கண்டதும், சின்னம் பொறித்த அந்த ட்ரம்பெட்டை எங்காவது எறியப் பார்த்தேன். எறிய வழியில்லை, எங்கும் கண்கள்!

வரிசையில் ஒருவர் மயங்கி விழுந்தார். "இதைக் கொஞ்சம் பிடி" என்று தன் பையை என்னிடம் தந்துவிட்டு, அவரைத் தூக்கிவிட ஓடினான் பிலிப்பு.

எல்லாக் கண்களும் விழுந்தவரின் பக்கம் திரும்பின. அப்போதுதான் வைத்தேன்.

திரும்பி வந்து பையை வாங்கினான். "பசியில கை சோர்ந்துபோச்சுப் போல... பை பாரமாக் கிடக்கு" என்று சிரித்தான். நான் வரிசையில் ஓரடி முன்னே நகர்ந்தேன்.

சிப்பாய் ட்ரம்பெட்டை வெளியே இழுத்தான். பிலிப்பு அதைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். விளங்கிவிட்டது அவனுக்கு! கையை நீட்டி என்னைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. ஏன்? நானே சொல்வேன் என்று காத்திருந்தானா? அவனை ஏற்றிய வாகனம் மறையும்வரை நான் குனிந்து என் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் திரும்பி வரவேயில்லை.

இன்று நான் மொன்றியலில் இருக்கிறேன். மெட்ரோவில் யாராவது ட்ரம்பெட் ஊதினால் மற்ற வாசலால் ஓடிவிடுவேன். ரீற்றாவும் இங்குதான், செயின்ட்-மிஷேலில். ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி விற்கிறாள். தகப்பனைக் காணாமலே பிறந்த மகள் ஆன், எங்கள் பாண்டின் வரலாற்றைப் பிரெஞ்சில் எழுதுகிறாள். பாண்டில் மிஞ்சியிருப்பவன் நான் என்று, தாயையும் கூட்டிக்கொண்டு என்னைத்தான் தேடி வந்தாள்.

பிலிப்புவின் பையில் ட்ரம்பெட் அகப்பட்டதுவரை எல்லாம் சொன்னேன், அதை வைத்தது யார் என்பதைத் தவிர. கடைசியில் அவள் கேட்டாள்: "மாமா, அப்பா ட்ரம் தானே அடிச்சவர்? அதையும் விட்டுட்டாராம். பிறகேன் ட்ரம்பெட் கொண்டு போனவர்?"

ரீற்றாவும் நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கும் அதுதான் விளங்கேல்லை, சூசையண்ணை. அவற்ர பையைக் கட்டினது நான். அதுக்குள்ள அது இருக்கேல்லை."

"பாண்டின்ர ஞாபகமா ஒண்டாவது மிஞ்சட்டும் எண்டு... வழியில என்னட்டக் கேட்டு வாங்கினவர்" என்றேன்.

ஆன் அழுதாள். பெருமையில் அழுதாள்! அவனை இரண்டாம் முறையும் நான் விற்றேன்.

நேற்று அவள் தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, வரிசையில உங்களுக்குப் பின்னால நிண்ட ஐயா ஒருத்தர் இங்க பக்கத்தில, அஹுன்ட்சிக்கில இருக்கிறார். உங்கள் ரெண்டு பேரையும் நல்லா ஞாபகமாம். ஞாயிறு போறன். நீங்களும் வாறீங்களோ?"

"ஓம்" என்றேன். வேறென்ன சொல்ல?

அந்த முதியவர் எதைக் கண்டார்? ஞாயிறுக்குள் அவருடைய நினைவு மங்கிவிட வேண்டும், நாக்குக் குழற வேண்டும் என்று முழங்காலில் நின்று மன்றாடுகிறேன். கேளுங்கள்... பிலிப்பு உயிரோடு திரும்ப வேண்டும் என்று ஒருநாளும் நான் இப்படி மன்றாடியதில்லை.