கரும்புச் சோகை மூடிய கூரை

சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டபோது தென்பெண்ணை எங்கள் குருவிநத்தத்துக்குள் புகுந்ததே, அதற்கு அடுத்த கோடையில்தான் வீடுகளை அளக்கும் சர்க்கார் ட்ரோன் வந்தது. மாசம் தேதியெல்லாம் எனக்குத் தெரியாது. கரும்பு வெட்டு முடிந்து கொல்லை வெறுமையாகக் கிடந்தது.

அது வருவதற்கு முன்பே டீக்கடையில் பேச்சு. பக்கத்து வீட்டுக்காரர்தான் சொன்னார். "மேலேர்ந்து படம் புடிச்சி கம்ப்யூட்டர்ல போட்டா, எது எது கூரைன்னு அதுவே கண்டுபுடிச்சிடுமாம்பா. ஆத்தங்கரை வூட்டயெல்லாம் இடிக்கத்தான்."

ஆற்றுப் பக்கம் எங்களுடையதுதான் கடைசி வீடு. என் அப்பா காலத்தில் கீற்றுக் கூரை. ஒரு புயலில் அது பறந்துபோய்ப் புளியமரத்தில் மாட்டிக்கொண்டது; பிறகுதான் சிமெண்ட் சீட் போட்டோம். சீட்டுக்கு அடியில் கோடையில் உட்கார முடியாது. அதனால் கரும்பு வெட்டியதும், காய்ந்த தோகையைச் சோகை என்போம், அதைச் சூடு தணியக் கூரைமேல் லேசாகப் பரப்புவது வழக்கம். அந்த வருசம் நான் சூட்டுக்காகப் பரப்பவில்லை. ஏணியில் நின்று கழியால் தள்ளித் தள்ளி, சீட்டு ஒரு விரல்கூடத் தெரியாமல் மூடினேன். என் பெண்சாதி கீழேயிருந்து கட்டுக்கட்டாகக் கொடுத்தாள்.

"இன்னாய்யா, கூரையே தெரியலியே."

"தெரியக்கூடாதுன்னுதாண்டி போடறன்."

ட்ரோன் வண்டு மாதிரி இரைந்துகொண்டு வந்தது. பருந்து என்று நினைத்துக் கோழி குஞ்சுகளோடு கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது. நாங்களும் கதவைச் சாத்திக்கொண்டோம். சத்தம் போன பிறகும் அவள் என் கையை விடவில்லை.

கொஞ்ச நாள் கழித்து நில அளவைக்காரப் பெண் ஒருத்தி கோயில் வாசலில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, ஊர்க்காரர்களைப் பார்க்கச் சொன்னாள். ஒவ்வொரு கூரையைச் சுற்றியும் கம்ப்யூட்டர் மஞ்சள் கோடு போட்டிருந்தது. எங்கள் இடத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். கொல்லையும் பழுப்பு, வீடும் பழுப்பு. கோடு இல்லை. பக்கத்தில் நீலத் தார்ப்பாய் போட்டு மூடிய வைக்கோல் போரைச் சுற்றி மட்டும் அழகாக ஒரு கோடு.

பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். "யோவ், இனிமே நீ வைக்கப் போருக்குள்ளதான் குடித்தனம் பண்ணணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்தப் பெண்ணைக் கேட்டேன். "கோடு இல்லன்னா இன்னா ஆவும்மா?"

"காலி எடம்னு பதிவாயிடும் தாத்தா. நான் தப்புன்னு குறிச்சிக்கிறேன். ஆள் வந்து நேர்ல பாத்தாத்தான் மாத்துவாங்க."

"ஆளு எப்ப வரும்?"

"அது எனக்குத் தெரியாது தாத்தா."

இருக்கிற வீட்டை இடிக்க வந்தால் ஊரைக் கூட்டி நாலு வார்த்தை கேட்கலாம். காலி இடம் என்று எழுதிவிட்டால் எதை இடித்தாய் என்று கேட்பது? கரையை உயர்த்தக் காலி இடங்களில் மண்வெட்டும் எந்திரம் வரப்போவதாக வேறு பேச்சு.

அன்றைக்கே சோகையைக் கீழே இழுத்துப் போட்டுவிட்டோம். இன்னும் யாரும் வந்து பார்க்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து எங்கேயும் போவதில்லை. நான் வெளியே போனால் அவள் வாசலில் இருப்பாள். கரைப் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டால் சோற்றுக் கையோடு எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

அடுத்து, பக்கத்து ஊரான செலியமேட்டில் ட்ரோன் பறக்கப் போகிறதாம். அங்கே உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: பயந்துகொண்டு கூரையை மூட வேண்டாம், வீடு நன்றாகத் தெரியட்டும்.