பிள்ளையை வாங்கிக்கொண்டவள்

இந்த வருஷம் வானொலியில் வாராவாரம் ஒரு நாடகம் வந்துகொண்டிருந்தது. கப்பல் உடைந்து, ஆளில்லாத தீவில் ஒதுங்கிய பத்துப் பேரின் கதை. அதில் ஒருவர் முதல் வாரமே தலைவராகிவிட்டார். கனத்த குரல். அவர் நில் என்றால் கடலும் நின்றுவிடும் போலிருக்கும். அடுப்பைத் தணித்துவிட்டு நானும் என் மாமியாரும் கேட்போம்.

"ஆம்பளைன்னா இப்பிடியில்ல இருக்கணும்" என்பார் மாமியார், தன் மகனைப் பார்த்துக்கொண்டே. காரைக்குடியில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கும் என் கணவர், நாளிதழை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

ஐப்பசியில் என் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று கடிதம் வந்தது. நெற்குப்பைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. "மழைக் காலத்துல பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு எதுக்கு" என்றார் மாமியார். நான் கேட்கவில்லை. ஊருக்குப் போய்ச் சேர்ந்த நாலாம் நாள் என் எட்டு மாத மகளுக்குக் காய்ச்சல் கண்டது. அங்கே மருத்துவர் கிடையாது. மறுநாள் காலை காரைக்குடிக்கு முதல் பேருந்தில் ஏறிவிட்டேன். ஏறியதிலிருந்து அவள் கழுத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கையை எடுத்தால் சூடு கூடிவிடும் என்று நினைப்பு. வைத்தால் என் கைச்சூடுதான் அவளுக்கு ஏறுகிறதோ என்று சந்தேகம்.

பாதி வழியில் ஒரு தரைப்பாலத்தின் முன்னால் பேருந்து நின்றது. பாலத்தின் மேல் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. மேலே இருக்கும் கண்மாய் நிரம்பி மறுகால் வழியாக வழிகிற தண்ணீர் என்றார் ஓட்டுநர். பின்னால் போகவும் வழியில்லை, கடந்து வந்த ஓடையும் பெருகியிருந்தது. இருபது பேர் இருப்போம். இறங்கி ரோட்டில் நின்றோம்.

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்களோடு வந்தார். முறுக்கு மீசை, நிமிர்ந்த நடை. இறங்கியதுமே எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். பெண்கள் இந்தப் பக்கம், மூட்டைகள் அந்தப் பக்கம் என்று பிரித்தார். எனக்குத் தெம்பு வந்தது. நாடகத்தில் வருகிறவரே நேரில் வந்துவிட்டார் என்று தோன்றியது.

இரண்டு மணி நேரம் போயிருக்கும். மகள் அழுவதை நிறுத்திவிட்டாள். அழுதபோது பயந்ததைவிட இப்போது அதிகம் பயந்தேன். அந்த நேரத்தில் தண்ணீர் வடியத் தொடங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடுப்பளவு முழங்காலளவு ஆயிற்று. பாலத்து ஓரக் கற்கள் தெரிந்தன.

"இதான் நேரம். வரிசையா என் பின்னால வாங்க" என்றார் ராணுவக்காரர். "பிள்ளைக்காரி முதல்ல வாம்மா."

நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் காலை வைத்துவிட்டேன்.

"ஏத்தா, பிள்ளைய இங்குட்டுக் குடு."

திரும்பினேன். பேருந்தில் கடைசி இருக்கையில் வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தவள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருக்கலாம். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. கையை நீட்டினாள், அவ்வளவுதான்.

நான் கொடுத்துவிட்டேன். அம்மாவிடம்கூடக் கொடுக்க யோசிக்கிற பிள்ளையை, பெயர் தெரியாத ஒருத்தியிடம். ஏன் கொடுத்தேன் என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன், இன்னும் தெரியவில்லை. அவள் என் மகளை மார்போடு சேர்த்துப் போர்த்திக்கொண்டு மைல் கல்லின் மேல் உட்கார்ந்தாள்.

"என்ன பண்றே நீ? பிள்ளைக்குக் காய்ச்சல், டாக்டர்ட்டப் போகணும்" என்றேன்.

"போகலாம். இப்பப் போனா டாக்டர்ட்டப் போக மாட்டே."

ராணுவக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "தண்ணி வடியுறது கண்ணுக்குத் தெரியலையா உனக்கு?"

"தெரியுதுல்ல, அதான் சொல்றேன். மேற்கே பாருங்க, இன்னும் இருட்டிக்கிட்டுப் பேயுது. அங்க மழை விடாம இங்க மறுகால் எப்பிடி வத்தும்? கம்மாக்கரை உடைஞ்சு போயிருச்சு. தண்ணி வேற பக்கமா இறங்கி வந்துக்கிட்டு இருக்கு. நாங்க மடைக்காரவுக வீடு. நாலு தலைமுறையா எங்க வீட்டாளுகதான் மடை திறக்குறது."

"கண்டக்டரே, இந்தம்மாகிட்டயே விசில குடுத்துருங்க" என்று ஒருவர் சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவளும் சிரித்தாள். "குடுத்தா ஊதத்தான் போறேன். உக்காருங்கண்ணே, தண்ணி எங்கயும் ஓடிப் போயிராது."

சொன்னவர் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொருவராக எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் மட்டும் ஒரு காலைத் தண்ணீரிலும் ஒரு காலை ரோட்டிலும் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் சொல்வது பொய்யாக இருந்தால் என் மகளுடைய நேரம் வீணாகிறது. உண்மையாக இருந்தால்? பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

ராணுவக்காரர் யாருக்கும் காத்திராமல் தனியாகவே இறங்கினார். பாலத்தில் கால்வாசி போயிருப்பார், இடப்பக்கத்து வயலிலிருந்து லாரி வருவது போல ஒரு சத்தம். வைக்கோலும் முள்ளுமாக, செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது. அவர் திரும்பினார். நாலு எட்டு வைப்பதற்குள் மார்பளவு ஏறி அவரைச் சாய்த்தது. பாலத்து ஓரக் கல் ஒன்றைப் பிடித்துக்கொண்டார்.

"வண்டி மேல உள்ள கயித்த அவுருங்க. கையில பிடிக்காதீக, புளிய மரத்துல சுத்துங்க. டிரைவரண்ணே, நீங்க இறங்க வேணாம், கயித்த மட்டும் வீசுங்க."

மைல் கல்லில் இருந்து எழுந்திருக்காமலே சொன்னாள். மகள் அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஓட்டுநரும் நடத்துநரும் இன்னும் நாலு பேருமாக அவரைக் கரையேற்றினார்கள். முழங்கை இரண்டும் தேய்ந்து ரத்தம் வந்தது. வெகு நேரம் இருமிவிட்டு, அவளைப் பார்த்து, "இனி என்னம்மா செய்யுறது?" என்று கேட்டார்.

தண்ணீர் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டு வைக்கச் சொன்னாள். அந்தக் குச்சியைவிட்டுத் தண்ணீர் நாலு முழம் இறங்கும் வரை யாரையும் விடவில்லை. பிற்பகலில் எல்லோரும் கயிற்றைப் பிடித்துக் கடந்தோம். அக்கரையில் வந்து நின்ற வேறு பேருந்தில் என்னை ஏற்றிவிட்டுத்தான் மகளை என்னிடம் தந்தாள். பொழுது சாய்வதற்குள் மருத்துவரிடம் போய்விட்டேன். மூன்று நாளில் காய்ச்சல் விட்டது.

நடந்ததை வீட்டில் சொல்ல வேண்டிவந்தது.

"முன்னால நின்னது யாரு?" என்று கேட்டார் மாமியார்.

ராணுவத்திலிருந்த ஒருவர் என்றேன். அவர்தான் எங்களைத் தடுத்து நிறுத்தினார், கயிறு கட்டிக் கரை சேர்த்தார் என்றேன். காய்ச்சல் பிள்ளையை முகமறியாத ஒருத்தி கையில் கொடுத்ததையும், தண்ணீரில் கால் வைத்ததையும் எப்படிச் சொல்வது? சொல்லச் சொல்லக் கதை நாடகம் போலவே பொருந்தி வந்தது. மாமியார் நம்பினார். அவர் நம்பிய பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று.

இரண்டு மாதம் கழித்து நானும் கணவரும் சந்தைக்குப் போயிருந்தபோது அந்த ராணுவக்காரர் எதிரில் வந்தார். என்னை அடையாளம் கண்டு நின்று, பிள்ளையை விசாரித்தார். யாரென்று தெரிந்ததும் என் கணவர் கைகூப்பினார். "எங்க பிள்ளையைக் காப்பாத்திக் குடுத்தீக. வாழ்நாளைக்கும் மறக்க மாட்டோம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு முழங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டு, "நான் இல்லீங்க தம்பி. என்னையும் சேத்துக் காப்பாத்துனது ஒரு பொம்பளைப் பிள்ளை. நான் சொன்னதை இவுக கேட்டிருந்தா நாம இப்ப பேசிக்கிட்டிருக்க மாட்டோம்" என்றார்.

அவர் போன பிறகு காய்கறிக் கடை ஓரமாக நின்று எல்லாவற்றையும் சொன்னேன், ஒரு கால் தண்ணீரில் இருந்தது வரை. கணவர் பையைத் தரையில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கோபிப்பார் என்று காத்திருந்தேன்.

"அந்தப் பிள்ளைக்கு எந்த ஊரு?" என்றார். "போய்ப் பாத்துட்டு வந்துருவோம்."

நான் ஊரைக் கேட்டிருக்கவில்லை. பெயரையும் கேட்டிருக்கவில்லை.

"அந்தப் பக்கத்துல எத்தனை கம்மா இருக்கும்?" என்று மறுபடி கேட்டார். "மடைக்காரவுக வீடுன்னு ஒவ்வொரு ஊரா விசாரிக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது என்று முடிவாயிற்று. அதற்கு முன்னால் மாமியாரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். இன்று வியாழக்கிழமை. இன்னும் சொல்லவில்லை.