பெர்மிட் புட்டியும் உப்புக் கோழியும்

"வாயிலயே வைக்காத ஒயினுக்கு எந்தக் கறி ஒத்துப்போகும்னு இந்தப் பொண்ணு எப்படிச் சொல்லும், மாதம்மா?"

நான் கிருஷ்ணகிரி கெஸ்ட் ஹவுஸில் சேர்ந்த அன்று பட்லர் செபாஸ்டின் சமையற்காரம்மாவிடம் கேட்டது இது. நான் காதில் விழாதது போல நின்றேன்.

ஊத்தங்கரைப் பக்கம் என் ஊர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனதே நான்தான் முதல், எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். அணைக்கட்டு வேலைக்கு வருகிறவர்களின் சாப்பாட்டுப் பொறுப்பு எனக்கு, தற்காலிகமாக. மதுவிலக்குக் காலம். பெர்மிட் உள்ள வெளிநாட்டுக்காரர் மட்டும் ஒயின் குடிக்கலாம். எனக்குக் குடிக்க ஆசையும் இல்லை. முன்பு பெங்களூர் கிளப்பில் வேலை பார்த்த செபாஸ்டினிடமே கேட்டேன்.

"சிவப்பு ஒயின் எப்படிண்ணே இருக்கும்?"

"நாவப்பழம் தின்னா நாக்கை இழுக்குதில்ல? அப்படி."

மாதம்மாவிடம் ஒரு பழக்கம். கோழியை மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, பிள்ளைகளுக்கென்று ஒரு பங்கு எடுத்து வைத்த பிறகுதான் காரம் சேர்ப்பாள். எங்கள் பக்கத்து வீடுகளில் எல்லாரும் செய்வதுதான். பிள்ளைகளே இல்லாத கெஸ்ட் ஹவுஸிலும் அவள் கை அதை விடவில்லை.

"இங்க எந்தக் கொழந்தைக்கு எடுத்து வைக்கிற?" என்று செபாஸ்டின் தினமும் கிண்டல் செய்வார்.

மெஷின் பூட்ட ஒரு வெள்ளைக்காரர் வந்தார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"மத்தியானம் அவரும் சீஃப் இன்ஜினியரும் சாப்பிட வராங்க. நாட்டுக்கோழிக் குழம்பு, நம்ம ஊர்க் காரத்தோட. நல்லபடியா முடிஞ்சா உன்னைப் பெர்மனென்ட் பண்ணச் சொல்றேன். இல்லன்னா திங்கக்கிழமையிலிருந்து வர வேணாம்மா."

"ஒயினுக்குக் காரம் ஆகுமா சார்?"

"சொன்னதைச் செய்."

வெள்ளைக்காரர் குழம்பைச் சாப்பிட்டார், கூடவே ஒரு வாய் சிவப்பு ஒயின். முகம் சுருங்கியது. கிளாஸைத் தள்ளிவைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

மேனேஜர் சமையற்கட்டுக்கு ஓடி வந்தார். "என்னம்மா இது! ஒயின் கசக்குதாம்!"

"வேற புட்டி இருந்தா மாத்தலாம் சார்," என்றார் செபாஸ்டின். "அவர் கொண்டுவந்தது இது ஒண்ணுதான்."

செபாஸ்டின் சொன்ன நாவற்பழம் நினைவுக்கு வந்தது. அதற்கு நாங்கள் உப்புத்தான் தொட்டுக்கொள்வோம். மிளகாய் தொட்டால் வாய் தாங்காது.

"அக்கா, எடுத்து வச்ச கோழி இருக்கா? நெய்யில வறுத்துக் குடுங்க. மிளகாய் வேணாம்."

"அய்யோ, உப்புக் கோழியையா பெரிய மனுசங்களுக்கு வைக்கிறது? மானம் போயிடும்டீ!" என்றாள் மாதம்மா.

"கொழந்தைச் சோத்தை வைக்கப்போறியா?" என்றார் மேனேஜர். "அவர் ஏதாவது சொன்னா நீதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன் சார்."

தட்டை நானே கொண்டுபோய் வைத்தேன். வெள்ளைக்காரர் ஒரு துண்டு சாப்பிட்டார். கிளாஸ் தள்ளிவைத்த இடத்திலேயே இருந்தது. இரண்டாவது துண்டு. மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றேன். மெதுவாகக் கை நீண்டது. ஒரு வாய் குடித்தார். கீழே வைக்காமல் இன்னொரு வாய். பிறகு புட்டியை எடுத்து அவரே ஊற்றிக்கொண்டார்.

"எனக்கும் அதுல ரெண்டு துண்டு வைம்மா," என்றார் சீஃப் இன்ஜினியர், குழம்பை ஒதுக்கிவிட்டு.

உள்ளே வந்ததும் செபாஸ்டின் சொன்னார்: "மாதம்மா, அந்தக் கொழந்தை யாருன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு."

அன்று கற்றது இதுதான்: ஒயினை மாற்ற வழி இல்லாதபோதும் கறியை மாற்ற வழி இருக்கும். ஆகையால் முதலில் புட்டி என்னவென்று கேட்க வேண்டும், அப்புறம்தான் அடுப்பு.

பெர்மனென்ட் ஆர்டர் வந்துவிட்டது. நேற்று மேனேஜர் அடுத்த விருந்துக்கு மெனு சொல்ல வந்தார்.

"புட்டி என்னன்னு கேட்டுட்டேன் சார். வெள்ளை ஒயின், எலுமிச்சம்பழம் மாதிரி புளிப்பாம். ஆத்து மீனுக்கு ஆள் அனுப்பியாச்சு."