தலைமேல் ஒரு கோடு

சர்பிநாஸுக்கு எழுத்து என்றாலே அலுப்பு. நுக்குஸ் ஊரில் இடுகாட்டுக்குப் போகும் சாலையில், கல்லறைக் கல் வெட்டும் கடையில் உட்கார்ந்து, இறந்தவர்களின் பெயரைக் கணினியில் அடித்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. பள்ளியில் அவள் படித்தது ரஷ்ய எழுத்து. கல்யாணமாகி வந்த பிறகு லத்தீன் எழுத்து வந்தது. சில எழுத்துக்குப் பக்கத்தில் சின்னதாய்க் காற்புள்ளி போடச் சொன்னார்கள். விரல் அதற்குப் படிந்து வருகிற நேரம் பார்த்து, புள்ளி வேண்டாம், தலைமேல் கோடு போடு என்றார்கள். மந்திரி மாறினால் நாற்காலியை மாற்றிக்கொள்ளட்டும், எங்கள் எழுத்து என்ன பாவம் செய்தது?

கடையில் இருந்த விசைப்பலகைக்கு அந்தக் கோடு தெரியாது. ஒவ்வொரு தடவையும் வேறெங்கிருந்தோ எழுத்தை நகலெடுத்து ஒட்டி ஒட்டி அவளுக்குக் கண் பூத்துப் போனது. கடைசியில் கேட்டு விசாரித்து, தட்டுத் தடுமாறி, விசைகளின் அமைப்பையே தன் கைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டாள். வலப்பக்க ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு எழுத்தைத் தட்டினால் கோடு தானாக வந்து உட்காரும். அவளாகச் செய்து கண்ட ஒரே சுகம் அது.

போன மாதம் முதலாளி ஒராஸ்பாயின் மருமகன் வந்தான். மெதுவாக ஓடுகிறதென்று கணினியைத் துடைத்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிவிட்டுப் போனான். அவள் அமைப்பும் அதோடு போயிற்று. யாரும் அவளிடம் சொல்லவில்லை. மறுநாள் காலை, உப்புக்காற்றில் எரிந்த கண்ணில் நீர் வடிய, திரையைச் சரியாகப் பாராமல், பழகிய விரலை நம்பி அடித்தாள். கல்யாண வீடுகளில் பாடித் திரிந்த எஸ்போசின் என்பவருக்கான கல் அது. பெயருக்குக் கீழே, 'குரல் மிஞ்சியது' என்று இரண்டே சொல். அவர் போனாலும் குரல் நிலைத்தது என்று பொருள். எங்கள் பேச்சில் குரலுக்கும் மாவுக்கும் எழுத்தில் அந்த ஒரு கோடுதான் வித்தியாசம். விசை அழுந்தியது, கோடு விழவில்லை; 'மாவு மிஞ்சியது' என்றாகிவிட்டது. எஸ்போசினின் மனைவி பசார்குல் வந்து பார்த்தாள். ரஷ்ய எழுத்து மட்டும் அறிந்தவள், சரியென்று தலையாட்டினாள். கல் வெட்டியாயிற்று.

அவர் இறந்து வருடம் நிறைந்து, கல்லை நட்ட அன்று, வெளியூரிலிருந்து வந்த மகன் அதை உரக்கப் படித்தான். பாதியில் நிறுத்தினான். கூட்டத்தில் ஒரு கிழவர், "மாவு மிஞ்சியிருக்குன்னா ரொட்டி சுட்டு எல்லாருக்கும் குடுங்கப்பா" என்றார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இடுகாடென்றும் பாராமல் சிரித்தார்கள்.

மகன் நேரே கடைக்கு வந்து கத்தினான். இன்னொரு கல் கெட்டால் வீட்டோடு இருந்துவிடு என்று ஒராஸ்பாய் முன்பே அவளிடம் சொல்லியிருந்தார். மருமகன் துடைத்த கதையைச் சொல்ல வாயெடுத்தாள். யாரும் கேட்கிற நிலையில் இல்லை. அந்தக் கோட்டையாவது தானே போய்ப் போட்டுவிட்டு வருகிறேன் என்று உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு இடுகாட்டுக்கு நடந்தாள்.

உப்புக்காற்று முகத்தில் அடித்தது. பசார்குல் மட்டும் கல்லருகே உட்கார்ந்திருந்தாள். சர்பிநாஸ் மன்னிப்புக் கேட்டாள். பசார்குல் நகர்ந்து இடம் விட்டாள். சர்பிநாஸ் எழுத்தின் தலையில் உளியை வைத்துத் தட்டி, ஒரு கோடு இழுத்தாள். மாவு குரலானது. கல் வெட்டிப் பழகாத கை, கோடு சற்றுக் கோணல்.

பசார்குல் கற்பொடியைத் தலைத்துணியின் நுனியால் துடைத்தாள்.

"மகன் தூரத்துல இருக்கான், அவனுக்கு என்ன தெரியும்" என்றாள். "கடைசி நாலு வருஷம் தொண்டை போச்சு தங்கச்சி. பேசக்கூட முடியல. சந்தையில மூட்டை தூக்கினாரு. ஒரு நாள்கூட வீட்டுல மாவு இல்லேன்னு என்னைச் சொல்ல விடல."

சர்பிநாஸ் உளியைக் கீழே வைத்தாள்.

"நீ முதல்ல அடிச்சதுதான் சரி" என்றாள் பசார்குல்.

ஆனால் கல்லில் போட்ட கோட்டை அழிக்க எந்த விசையும் இல்லை.