ஏழாம் நம்பர் டப்பா

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான்தான். கையில் வரைபடத்தை வைத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடிய முதல் ஆளும் நானே. முதல் இரண்டையும் அம்மா தாராவி முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். மூன்றாவதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

செம்பூரில் கல்லூரி படிக்கும்போது ஓரியன்டியரிங் விளையாட்டில் சேர்ந்தேன். அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன்: ஒரு வரைபடமும் திசைகாட்டியும் கொடுப்பார்கள். காட்டில் அங்கங்கே ஆரஞ்சும் வெள்ளையுமாகத் துணிக்கூடு கட்டிய கம்பங்கள் இருக்கும், கண்ட்ரோல் என்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு டப்பா. விரலில் மாட்டியிருக்கும் சிறு குச்சியை அதன் ஓட்டையில் செருகினால் பீப் என்று கத்தும். வரிசை மாறாமல் எல்லா டப்பாக்களையும் கத்தவிட்டு யார் சீக்கிரம் திரும்புகிறார்களோ அவர்களுக்குப் பரிசு.

அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"தொலையாம வந்ததுக்கு சர்ட்டிபிகேட்டா? நான் தெனமும் தாதர்ல இருந்து வீட்டுக்கு வாரேன். எனக்கு எவன் தந்தான்?"

படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகும் நான் இதை விடவில்லை. மண்டலச் சாம்பியன்ஷிப்பை நடத்தும் கமிட்டியிலேயே சேர்ந்துவிட்டேன். அந்தச் சாம்பியன்ஷிப்பின் வரலாற்றைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. முதல் முறை கல்யாணுக்கு அப்பால் ஒரு மலையடிவாரத்தில் நடந்தது. ஓட வந்தவர்களைவிட நடத்த வந்தவர்கள் அதிகம். கூட்டம் காட்டுவதற்காக எங்களை ஏற்றிவந்த வேன் டிரைவரையும் ஓடச் சொன்னார்கள். செருப்போடு ஓடி அவர் மூன்றாவதாக வந்தார். அடுத்த முறை மூடுபனி. பாதிப் பேர் மலையின் மறுபக்கம் இறங்கிவிட்டார்கள். அங்கே ஒரு கல்யாணத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு, கையில் ஸ்வீட் டப்பாவோடு திரும்பி வந்தார்கள். அவர்களைப் போட்டியிலிருந்து நீக்கினோம். ஸ்வீட்டை நீக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த மலையில் சிறுத்தை நடமாட்டம் என்று அனுமதி மறுத்துவிட்டார்கள். மாட்டுங்காவில் தலைவரின் ஃப்ளாட்டில் கமிட்டி கூடியது. தலைவர் பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். கமிட்டியில் தமிழ் தெரிந்தவர்கள் அவரும் நானும் மட்டும்தான். எனவே மற்றவர்களை இந்தியில் பாராட்டுவார், என்னைத் தமிழில் திட்டுவார்.

"தாராவியில் வைக்கலாம் சார்" என்றேன்.

வெளிநாடுகளில் பழைய ஊர்களின் சந்துகளில் இந்தப் போட்டியை நடத்துகிறார்கள் என்று எடுத்துச் சொன்னேன். தாராவியைவிடச் சந்து எங்கே இருக்கிறது? வரைபடத்தை நானே வரைகிறேன் என்றேன்.

"ஏம்மா, அதுக்குள்ள இன்னிக்கு ஓட விட்டா அடுத்த வருஷந்தான் திரும்பி வருவான்" என்றார் தலைவர். ஆனால் கையில் வேறு இடமில்லை. கடைசியில் ஒப்புக்கொண்டார். "சரி. ஆனா ஒண்ணு. போட்டி செல்லாதுன்னு ஆச்சுன்னா தாராவிப் பேச்சை இனிமே யாரும் எடுக்கக் கூடாது. சிறுத்தையே தேவலைன்னு மலைக்குப் போயிடுவோம்."

எனக்கு வேண்டியது ஒன்றுதான். என் சந்துகள் ஒரு சாம்பியன்ஷிப் வரைபடத்தில் இருக்க வேண்டும். ஒரு முறை வந்துவிட்டுப் போவது போதாது. நிரந்தரமாக இருக்க வேண்டும்.

வரையக் கிளம்பிய முதல் நாளே தெரிந்தது, தாராவியில் அட்டையும் பென்சிலுமாக ஒரு பெண் நடந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வீடுகளை இடித்துக் கட்டுவதற்கான சர்வே. நான் போகும் முன்னே செய்தி போனது. ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். "மாடியையும் சேத்துப் போடும்மா. மாடில வேற குடும்பம்" என்றார் ஒருவர். அது மாடி அல்ல, பரண். "இது ஓட்டப் பந்தயத்துக்கு அண்ணாச்சி" என்றேன். "சரிதான். முதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ" என்று என் பென்சிலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மனம் குளிர அந்தப் பரணை ஒரு புள்ளியாக வைத்துக் காட்டிவிட்டு, தெரு முனை திரும்பியதும் அழித்தேன்.

உண்மையான சிக்கல் விதிமுறையில் இருந்தது. ஓடுகிறவருக்கு வெளியாள் யாரும் வழி சொல்லக் கூடாது. எங்கள் சந்தில் ஒருவர் வரைபடத்தைப் பார்த்தபடி நின்றால் நாலு வீட்டுக் கதவு திறக்கும். கேட்காமலே வழி சொல்வார்கள். தெரியாவிட்டாலும் சொல்வார்கள். தெரியாது என்று சொல்வது எங்கள் பக்கம் கௌரவக் குறைச்சல்.

அம்மாவை அனுப்பினேன். விளையாட்டில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அடுத்தவர் வாயை மூடச் சொல்லும் வேலை பிடித்திருந்தது. வீடு வீடாகப் போனாள். "எம்மவ நடத்துதா. யாரும் வழி சொல்லப்பிடாது, கேட்டியளா? சொன்னா பரிசு கெடையாதாம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். மூன்றாவது பெருமையும் அன்றுதான் முதன்முதலாக வெளியே வந்தது.

போட்டி நாள் காலை. புனேயில் இருந்து, நாசிக்கில் இருந்தெல்லாம் வந்திருந்தார்கள். ஒவ்வொருவராகச் சந்துக்குள் நுழைந்தார்கள். நம்ப முடியாத அமைதி. வாசலில் உட்கார்ந்திருந்த பெண்கள் உதட்டை இறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள். மருந்துக்கடைக்கு வழி கேட்ட ஒரு கிழவருக்குக்கூட யாரும் பதில் சொல்லவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். தலைவர் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார்.

அப்போதுதான் புனேக்கார இளைஞன் ஒருவன் மூச்சிரைக்க மேசைக்கு வந்து புகார் கொடுத்தான். இந்தியில் அவன் சொன்னது இது: "ஏழாவது கண்ட்ரோலை நான் கண்டுபிடிக்கவில்லை. ஏழாவது கண்ட்ரோல்தான் என்னைக் கண்டுபிடித்தது."

தலைவரின் சிரிப்பு நின்றது. அவர், நான், அந்த இளைஞன் மூவரும் கிளம்பினோம். ஏழாம் கம்பத்தை நான் நட்டிருந்த இடம், எங்கள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளியிருந்த அத்தையின் வீட்டு வாசல். சொந்த அத்தை இல்லை, எங்கள் பக்கத்து ஊர்க்காரர் என்பதால் அத்தை. வாசலில் கம்பமும் இல்லை, டப்பாவும் இல்லை. வரிசையாகத் தண்ணீர் டிரம்கள்தான் நின்றன.

"அத்தை, டப்பா எங்கே?"

"உள்ள ஃபிரிட்ஜ் மேல இருக்கு, கம்பு கதவுக்குப் பின்னால. தண்ணி வுடுத நேரத்துல கரண்டுச் சாமானத்தை வாசல்ல வச்சுட்டுப் போயிருக்கியே, நனைஞ்சா என்னத்துக்கு ஆவும்? எவனாவது தூக்கிட்டுப் போனா? அதான் எடுத்து வச்சேன்."

"ஓடி வந்தவங்க என்ன பண்ணினாங்க?"

"வாசலுக்கு வந்து முழிப்பாவ. 'டப்பா மங்தா க்யா'ம்பேன், வேணுமான்னு இந்தில. தலையை ஆட்டுவாவ. கொண்டாந்து நீட்டுவேன், குச்சியைச் சொருகிட்டுப் போவாவ. நெஞ்சுல நம்பர் இருக்கான்னு பாத்துத்தான் குடுத்தேன்."

"அத்தை, உதவி பண்ணக் கூடாதுன்னு அம்மா சொன்னாளே!"

"வழி சொல்லப்பிடாதுன்னா. சொன்னேனா? டப்பா குடுக்கப்பிடாதுன்னா சொன்னா?"

இதற்கு விதிமுறைப் புத்தகத்தில் பதில் இல்லை. தலைவர் தொண்டையைச் செருமினார். "அம்மா, அந்த டப்பாவைக் கொஞ்சம் எடுத்துண்டு வரேளா? நான் தலைவர்."

அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தாள். "தலைவர்னா எலெக்சன் சமயத்துல வாங்க. நம்பர் எங்க?"

புனேக்காரன் தன் நெஞ்சிலிருந்த நம்பரைக் கழற்றித் தலைவர் சட்டையில் குத்தினான். அத்தை உடனே உள்ளே போய் டப்பாவோடு வந்தாள்.

"எல்லாருக்கும் இதே வேகத்துல குடுத்தேளா?" என்று கேட்டார் தலைவர். அவருக்குள் இருந்த பேங்க்காரர் விழித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

"எல்லாருக்கும் ஒண்ணு போலத்தான். இந்தப் பையனுக்கு மட்டும் கொஞ்சம் லேட்டாயிட்டு. அடுப்புல பாலு பொங்கிட்டு."

இளைஞனுக்கு மொழிபெயர்த்தேன். பால் பொங்கியதால் பதக்கம் போனது என்பதை அவன் முகம் மெதுவாகப் புரிந்துகொண்டது. ஒருவனுக்கு மட்டும் தாமதம் என்றால் போட்டி நியாயமானது இல்லை. நியாயமில்லை என்றால் செல்லாது.

தலைவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். ஆறிலிருந்து ஏழுக்கும், ஏழிலிருந்து எட்டுக்கும் ஓடிய நேரத்தை எல்லாருக்கும் கழித்துவிட்டால் மிச்சம் சுத்தம். விதியில் அதற்கு இடம் உண்டு. கண்ணைத் திறந்து, சந்துக்கே கேட்கும்படி தீர்ப்புச் சொன்னார்:

"ஏழை எடுத்துடலாம். ஏழைக் கணக்குல சேக்க வேண்டாம். மத்ததெல்லாம் செல்லும்."

அத்தை டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"யாரை ஏழைங்கிய?"

"இல்லம்மா, நான் என்ன சொல்ல வந்தேன்னா…"

"ஃபிரிட்ஜ் இருக்கு, டிவி இருக்கு, எம்மவன் டிராம்பேல கம்பெனி வேலை பாக்கான். காலைல இருந்து வேலையைப் போட்டுட்டு ஒம்ம டப்பாவைத் தூக்கிட்டு நிக்கேன். கணக்குல சேக்க மாட்டியளோ?"

எதிர்வீட்டுக் கதவுகள் திறந்தன. காலையிலிருந்து இறுக்கி வைத்திருந்த உதடுகள் எல்லாம் ஒன்றாகத் திறந்தன. "அது எப்படி ஏழைன்னா வுட்டுருவிய?" என்று கேட்டுக்கொண்டே அம்மாவும் எங்கிருந்தோ வந்து சேர்ந்தாள். விஷயம் என்னவென்று அவளுக்குத் தெரியாது. தலைவர் என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார். இத்தனை வருடம் என்னைத் தமிழில் திட்டியவர், முதன்முதலாகத் தமிழ் இல்லாமல் நின்றார்.

"அத்தை, நம்பர் ஏழு! ஏழாம் நம்பர்! ஆறு, ஏழு, எட்டு!" என்று கத்தினேன். விரல்களை விரித்துக் காட்டினேன். புனேக்காரனும் ஒன்றும் புரியாமல் விரல்களை விரித்தான்.

அத்தை யோசித்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சந்தே சிரித்தது. தலைவர் வாசலில் உட்காரவைக்கப்பட்டார். பொங்கியது போக மிச்சமிருந்த பாலில் டீ வந்தது. அதைக் குடித்துக்கொண்டே, தொடையில் தாளை வைத்து ஏழைக் கழித்துக் கணக்குப் போட்டார். புனேக்காரன் மூன்றாவதாக வந்திருந்தான். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, இன்னொரு டீ கேட்டான்.

"போட்டி செல்லும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் தலைவர்.

டப்பாவை என் கையில் கொடுக்கும்போது அத்தை சொன்னாள்: "அடுத்த வருசம் எனக்கு எட்டைக் குடு. ஏழு வேண்டாம்."

நான் தலைவரைப் பார்த்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எட்டு தரலாம். ஆனா அன்னிக்குப் பாலை முன்னாடியே காச்சி வச்சுடணும்" என்றார்.