பத்துக்குப் பத்து வாங்கிய அக்கா

எங்கள் கம்பெனிப் பயிற்சி அதிகாரியே, அக்காவுக்கு இரண்டு விரல் போனதற்கு நீங்கள்தான் காரணம். நானும் காரணம். என் பங்கை முதலில் எழுதிவிடுகிறேன்.

அக்கா எனக்குச் சொந்தமில்லை. பென்னலூர்க்காரர். ஒரகடத்துப் பிளாஸ்டிக் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் ஆறு வருஷம் நின்றோம். பயிற்சி வீடியோவைக் கேன்டீன் டிவியில் போட்ட காலத்தில் அக்கா பாதியில் கையைத் தூக்குவார். "சார், மிஷின பூட்டிட்டா உள்ள காத்து நின்னுகினு இருக்காதா?" மெயின்டனன்ஸ்காரர் எங்களை மிஷினுக்கே கூட்டிப்போய், உள்ளே அழுத்தத்தில் அடைபட்ட காற்றை எப்படித் திறந்துவிடுவது என்று காட்டினார்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். வீடியோ போனுக்கு மாறியது. முடிவில் பத்துக் கேள்வி. தேறாதவர் பெயர் லைன் போர்டில் சிவப்பு மையில். முதல் பாடம் தீயணைப்பு. அக்கா மூன்று தடவை பார்த்தார். கருவியை எப்படிப் பிடிப்பது என்று பார்த்துவைத்தவரிடம், கருவி எத்தனை வகை என்று கேட்டீர்கள். ஆறு மார்க். போர்டில் அவர் பெயர் மட்டும்.

"அக்கா கலெக்டருக்குப் படிக்குதுப்பா, டிஸ்டர்ப் பண்ணாதீங்க" என்று லைனே சிரித்தது. அவர் தலை நிமிரவில்லை. பாவமாக இருந்தது. அடுத்த தடவை எழுத என் விடைகளைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். "யோசிக்காதக்கா, அப்டியே அமுக்கு." பத்துக்குப் பத்து. அதற்கப்புறம் எல்லாப் பாடத்துக்கும், முந்தின ஷிப்ட்டில் விடை கேட்டு நான் எடுத்த போட்டோதான். வீடியோவை ஓடவிட்டு, போனைக் கவிழ்த்துவைத்து, டீ குடிப்போம்.

புது மிஷின் வந்தது. அதற்கும் பத்துக் கேள்வி. அச்சில் மாட்டிக்கொண்ட பொருளை எடுக்குமுன் எத்தனை படிகள்? ஐந்து. என்னென்ன என்று நீங்கள் கேட்கவில்லை.

போன மாசம் அச்சில் பொருள் மாட்டியது. அக்கா மிஷினை நிறுத்தினார், பூட்டினார், கையை விட்டார். உள்ளே நின்ற காற்று அச்சைத் தள்ளி மூடிவிட்டது. காற்றைத் திறந்துவிடும் பிடி இந்த மிஷினில் பின்பக்கம் இருக்கிறது. முன்பக்கம் பிடி இல்லாததால், புது மிஷினில் பூட்டினால் காற்று தானாகப் போய்விடும் என்று அவர் நினைத்திருக்கிறார். வீடியோவில் அதைக் காட்டியிருந்தார்கள். நானே இப்போதுதான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அஞ்சுன்னு தெரியும்டி. இன்னா இன்னான்னுதான் தெரியல." என்மேல் கோபப்பட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

விசாரணையில் நீங்கள் அக்காவின் சான்றிதழை மேசையில் வைத்தீர்கள். பயிற்சி பெற்றவர், அவருடைய கவனக்குறைவு என்றீர்கள். நான் செய்ததைச் சொல்லிவிட்டேன். அக்காவுக்கு எது தெரியும் என்று நம்பி அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டீர்கள்? காலைக் கூட்டத்தில், இரண்டு ஷிப்ட்டும் நிற்கும்போது, வாயைத் திறந்து பதில் சொல்லுங்கள்.